கடலூர் முற்றுகை, 1783: போர்ச் செலவும் போர்ப் பயனும்

1783ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று கடலூர் நகருக்குத் தெற்கே ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் வந்த ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் அன்று ஏறத்தாழ 1000 பேர் மாண்டும் காயமுற்றும் விழுந்தனர். ஒரு வாரம் கழித்து, ஜூன் 20 அன்று, கடலூரை அடுத்த கடலில் பிரெஞ்சுத் தளபதி சப்ரேனின் 15 போர்க்கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் 18 போர்க்கப்பல்களும் குண்டு பொழிந்துகொண்டன. இரு தரப்பிலும் சேர்த்து 200 பேர் வரை இறந்தனர். ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவுமில்லை. ஜூன் 25இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை நகரிலிருந்து வெளிப்பாய்ந்து தாக்கித் தோற்றுத் திரும்பியது. ஜூன் இறுதியில் 'மெடியா' என்னும் ஆங்கிலேயக் கப்பல் சமாதானக் கொடியுடன் வந்து சேர்ந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே முதல்கட்ட அமைதி உடன்பாடு வெர்சாயில் கையெழுத்தாகிவிட்டது என்ற செய்தியை அது கொண்டுவந்தது. கையெழுத்தான நாள் ஜனவரி 20. கடற்போர் நடந்தது அதற்குச் சரியாக ஐந்து மாதம் கழித்து.

இந்த முற்றுகையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கேட்ட கேள்வி, வென்றது யார் என்பதே. மேலேசன் என்ற ஆங்கிலேய இராணுவ வரலாற்றாசிரியர், சமாதானச் செய்தி வந்திராவிட்டால் ஆங்கிலேயப் படை பெரும் அழிவைச் சந்தித்திருக்கும் என்று வாதிட்டார். ஜூன் 13இல் வெளியரண்கள் ஆங்கிலேயர் கைக்கு வந்ததை வெற்றியாகச் சொல்வோரும் உண்டு. சப்ரேனின் கடற்போர்த் திறமை தனியாகப் பாராட்டப்படுகிறது. எத்தனை செலவில் என்ன கிடைத்தது, அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்ற கேள்வி இந்த விவாதங்களில் ஓரமாகவே நிற்கிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் 1746 முதல் 1785 வரை நடந்த போர்களை அந்தக் கேள்வியோடு படித்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

விலைக்கு வாங்கிய கோட்டை

கடலூரை ஆங்கிலேயர் முதலில் போரிட்டுப் பெறவில்லை, காசு கொடுத்து வாங்கினர். கெடிலம் ஆற்று முகத்தை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டிய அரசர் இராஜாராம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள ஊர்களும் விற்பனையில் அடங்கும். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர் நகரமும் வந்துவிட்டது. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அப்படி வந்தது. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர்.

இந்த விற்பனைக்குப் பின்னாலும் ஒரு போர் இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஔரங்கசீப்பின் படைகள் செஞ்சியை நெருங்கிக்கொண்டிருந்தன. இராஜாராமுக்குப் படைச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. கடற்கரைக் கோட்டையை விற்றுச் செஞ்சிக் கோட்டையைக் காக்க முயன்றார். 1698இல் செஞ்சியும் மொகலாயர் வசமாயிற்று. விற்றவருக்கு இரண்டும் போயின. வாங்கிய கம்பெனிக்கு அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் அந்தக் கோட்டை ஒரு துணி வணிகக் கிடங்காகவே பயன்பட்டது. கம்பெனி கடலூரை விரும்பியதற்கு அடிப்படைக் காரணமே நெசவாளர்கள்தாம்.

பின்னால் வரும் போர்களை அளக்க இந்த 1690ஆம் ஆண்டு விற்பனையே நல்ல அளவுகோல். குண்டு எட்டிய தொலைவுக்குள் அடங்கும் இந்த நிலத்துக்காகவும் இதைச் சுற்றியும் எத்தனை முறை சண்டை நடந்தது, ஒவ்வொரு முறையும் எல்லை எங்கே வந்து நின்றது என்பதைப் பார்த்தாலே போதும்.

தேவிக்கோட்டை: 'லாபம்' தந்த போர்

இப்போர்களுள் கணக்குப் புத்தகத்தில் லாபமாகத் தெரிவது ஒன்றே. அது 1749இல் நடந்த தேவிக்கோட்டைப் படையெடுப்பு. தேவிக்கோட்டை சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்தது. தஞ்சாவூர் அரியணையை இழந்த சாகுஜி, தன்னை மீண்டும் அமர்த்தினால் தேவிக்கோட்டையைத் தருவதாகவும் போர்ச் செலவு முழுவதையும் ஏற்பதாகவும் ஆங்கிலேயரிடம் வாக்களித்தார். அப்போது சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் புனித டேவிட் கோட்டைதான் ஆங்கிலேயரின் தலைமையிடம். ஐரோப்பாவில் பிரான்சுடன் சமாதானம் ஆகிவிட்டது. படைகள் வேலையின்றிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தன. சும்மா இருக்கும் படைக்குச் செலவிடுவதைவிடப் பிறர் செலவில் அதைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம் என்று கோட்டை நிர்வாகத்துக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

கேப்டன் கோப் தலைமையிலான முதல் படையெடுப்பு தோற்றது. ஏப்ரல் மாதம் அடித்த புயலில் பரங்கிப்பேட்டை அருகே தங்கியிருந்த படையின் மாடுகளும் தளவாடங்களும் பாழாயின. சாகுஜிக்கு ஆதரவாக மக்கள் திரளவும் இல்லை. இரண்டாம் முறை மேஜர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் கடல் வழியே சென்று கோட்டையைப் பிடித்தார். உடைப்பு வழியே முதலில் பாய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இராபர்ட் கிளைவ். அவருடன் சென்ற 34 ஐரோப்பியரில் 26 பேர் அங்கேயே வெட்டுண்டனர். அதன்பின் நடந்ததுதான் இந்தப் போரின் உண்மையான முகம். தஞ்சை அரசர் பிரதாப சிங் சமாதானம் பேசினார். தேவிக்கோட்டையும் ஆண்டுக்கு 9000 வராகன் வருவாயுள்ள நிலமும் ஆங்கிலேயருக்கு, போர்ச் செலவும் தஞ்சையின் பொறுப்பு, சாகுஜிக்கு ஆண்டுக்கு 4000 ரூபாய் உபகாரச் சம்பளம் என்று முடிவாயிற்று. யாருக்காகப் போர் தொடுத்தார்களோ அவர் மீண்டும் தொல்லை தராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஆங்கிலேயரே ஏற்றனர்.

இராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாறு இவ்விவரங்களைத் தருகிறது. ஜேம்ஸ் மில் பின்னர் இதைக் கடுமையாகக் குறை கூறினார். மில்லின் குறை பெரும்பாலும் அறம் பற்றியது. அறத்தைச் சற்று ஒதுக்கி வைத்துக் கணக்கை மட்டும் பார்த்தாலும் இந்த 'லாபம்' நிற்கிறதா?

முதலில், கணக்கின் எல்லை. அதே ஏப்ரல் புயலில் கடலூர்க் கடலோரம் நின்ற 'நாமூர்' என்ற போர்க்கப்பல் 500க்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. 'பெம்புரோக்' என்ற இன்னொரு போர்க்கப்பலும் அழிந்தது. இவை பாஸ்கவனின் கடற்படையைச் சேர்ந்தவை. மன்னரின் கப்பல்கள் ஆகையால் அந்த இழப்பு இலண்டன் கருவூலத்தின் கணக்கு. கம்பெனியின் தேவிக்கோட்டைக் கணக்கில் அது ஏறவே இல்லை. ஐரோப்பியப் போர் முடிந்த பின்னும் ஒரு கடற்படையைச் சோழமண்டலக் கரையில் நிறுத்திவைப்பதன் செலவைச் சேர்க்காமல் அந்தக் கரையில் பெற்ற வெற்றியின் விலையைச் சொல்ல முடியாது. அடுத்தது காலம். 1758இல் புனித டேவிட் கோட்டை வீழ்ந்ததும் தேவிக்கோட்டையையும் ஆங்கிலேயர் கைவிட்டு வெளியேறினர். ஒன்பது ஆண்டு வருவாய்க்காகத் தஞ்சையோடு ஒரு பகை. அந்தப் பகையைப் பின்னர் நட்பாக்கவும் செலவு பிடித்தது.

ஆனால் இந்தப் போர் நிர்வாகத்துக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது, அதுதான் நீண்ட காலம் நிலைத்தது. படையை வாடகைக்கு விடலாம், தோற்றவரிடமோ உதவி கேட்டவரிடமோ அதன் செலவை வசூலிக்கலாம் என்பதே அந்தப் பாடம். பாண்டிச்சேரியில் டூப்ளே அதே ஆண்டில் அதையே பெரிய அளவில் தொடங்கினார்.

பண்டமாற்றும் பழைய பத்திரமும்

இதற்குச் சற்று முன்பு, 1746இல், லபூர்தொனே சென்னையைப் பிடித்து 11 லட்சம் வராகனுக்கு ஈடாகத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். டூப்ளே அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. பணத்தைவிட நகரமே மேல் என்பது அவர் எண்ணம். நகரத்தை வைத்துக்கொண்டு, புனித டேவிட் கோட்டையையும் கடலூரையும் பிடிக்க மீண்டும் மீண்டும் படை அனுப்பினார். ஒவ்வொரு முயற்சியும் தோற்றது. பதிலுக்கு 1748இல் பாஸ்கவன் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டார். ஓர்மின் கணக்குப்படி 1065 ஐரோப்பியர் அதில் இறந்தனர். பாண்டிச்சேரி விழவில்லை. பின்னர் ஏ-லா-ஷப்பேல் உடன்படிக்கையில் சென்னை ஆங்கிலேயருக்கே திரும்பியது. அதற்கு ஈடாகப் பிரான்சு வட அமெரிக்காவின் லூயிபூர்க் கோட்டையைப் பெற்றது. டூப்ளேவுக்கு நகரமும் இல்லை, 11 லட்சமும் இல்லை.

இதில் ஒரு சிறு ஒப்பீடு பொருத்தமானது. லூயிபூர்க்கைப் பிடித்தவர்கள் நியூ இங்கிலாந்துக் குடியேறிகள். கோட்டை கைமாறியதும் அவர்கள் செலவிட்டதை ஈடுகட்ட மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு மட்டும் இலண்டன் சுமார் 1,83,000 பவுன் கொடுத்தது. அதே பண்டமாற்றின் மறு தட்டில் இருந்த சோழமண்டலக் கரையின் நெசவாளருக்கும் உழவருக்கும் அப்படிக் கேட்க ஒரு சபையும் இல்லை.

1758இல் லாலி வந்தார். மே மாதத் தொடக்கத்தில் கடலூர் பணிந்தது, ஜூன் 2இல் புனித டேவிட் கோட்டை வீழ்ந்தது. லாலி கோட்டையைத் தகர்த்தார். பெரிய வெற்றிதான். ஆனால் அந்த வெற்றியின் மறுநாளே அவரிடம் படைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. சென்னை மீது பாய வேண்டியவர், பழைய பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குத் திரும்பினார். சந்தா சாகிபு காலத்தில் தஞ்சை அரசரிடம் எழுதி வாங்கியது அது. அதன்படி வரவேண்டிய பாக்கி 56 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டிருந்தனர். வழியில் நாகூரைச் சூறையாடினார். ஆகஸ்டில் தஞ்சைக் கோட்டை வாசலிலிருந்து வெறுங்கையுடன் பின்வாங்கினார். அதற்குள் சென்னை தன்னைத் தயார்படுத்திக்கொண்டது. இரண்டாண்டுக்குள் கடலூரும் சிதம்பரமும் ஆங்கிலேயர் வசமாயின. லாலி 1766இல் பாரிசில் தலை வெட்டப்பட்டார். கோட்டையைப் பிடிக்கும் செலவைக் கணக்கிட்டவர்கள், பிடித்த மறுவாரச் சம்பளத்தைக் கணக்கிடவில்லை.

பரங்கிப்பேட்டை வெற்றியின் ஆயுள்

1780 ஜூலையில் ஐதர் அலி கருநாடகத்தில் இறங்கினார். சென்னைக் கருவூலம் காலி. வங்காளத்திலிருந்து வாரன் ஹேஸ்டிங்ஸ் அயர் கூட்டைப் படையுடனும் 15 லட்சம் ரூபாயுடனும் அனுப்பினார். அந்தப் பணம் கூட்டின் பொறுப்பில் இருக்கவேண்டும், சென்னை நிர்வாகத்தின் கைக்குப் போகக்கூடாது என்பது ஏற்பாடு. சொந்தக் கம்பெனியின் இன்னொரு கிளையை அவ்வளவுதான் நம்பினார்கள். ஹேஸ்டிங்ஸுக்கும் பணம் சும்மா வரவில்லை. காசி அரசர் சேத் சிங்கிடம் போர்ச் செலவுக்கென்று ஆண்டுக்கு 5 லட்சம் கூடுதலாகக் கேட்டதும், அயோத்தி பேகம்களின் செல்வத்தின்மீது கை வைத்ததும் இந்தப் போர்க்காலப் பண நெருக்கடியோடு சேர்ந்தவை. கடலூர்க் கரையில் சுட்ட குண்டின் விலையில் ஒரு பகுதி கங்கைக் கரையில் வசூலாயிற்று.

1781 ஜூன் 18 இரவு கூட் சிதம்பரத்தைத் தாக்கினார். நடராசர் கோயிலின் புற மதில்கள் முன்பு பிரெஞ்சுக்காரருக்குக் கோட்டைச் சுவராகப் பயன்பட்டன, இப்போது ஐதரின் காவற்படைக்கு. தாக்குதல் தோற்றது. ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஐதரின் பெரும்படையைக் கூட் வென்றார். ஆங்கிலேயர் தரப்புச் சேதம் 300 பேர் அளவே. பள்ளிப் பாடநூல் வரை இடம்பிடித்த வெற்றி இது. அதன் ஆயுள் ஒன்பது மாதம். 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர் பரங்கிப்பேட்டையில் இறங்கிய படையைக் கொண்டு கடலூரைப் பெரிய சண்டையின்றியே எடுத்துக்கொண்டனர். அந்தக் கடலூரை மீட்கத்தான் 1783இல் ஸ்டூவர்ட் வந்தார். அதற்குள் ஐதர் இறந்துவிட்டிருந்தார்.

பலன் என்ன? 1783 செப்டம்பர் 3இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை ஒருவர் பிடித்ததை மற்றவருக்குத் திருப்பித் தரச் சொன்னது. பாண்டிச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பின. கடலூர் 1785இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. திப்புவுடன் 1784 மார்ச்சில் செய்த மங்களூர் உடன்படிக்கையும் அவரவர் நிலம் அவரவருக்கு என்றே முடிந்தது. 1785இல் ஆங்கிலேயர் கையில் இருந்தது 1690இல் விலைக்கு வாங்கிய அதே இடம், கோட்டை மட்டும் இடிந்து.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சமாதான மேசையில் வைக்கப் பொருள் வேண்டும். பிரான்சின் கையில் கடலூர் இருந்ததும் பாண்டிச்சேரி திரும்பக் கிடைக்க உதவியிருக்கலாம். சென்னைக்கு லூயிபூர்க் ஈடானது போல என்று சொல்லலாம். ஓரளவு சரி. ஆனால் அந்தப் பயனைத் தந்தது 1782 ஏப்ரலில் அதிக உயிர்ச்சேதமின்றி நடந்த கைப்பற்றல். 1783 ஜூனில் விழுந்த உயிர்களுக்கு அந்த மேசையில் எந்த மதிப்பும் இல்லை. முதல்கட்ட உடன்பாடு அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. செய்தி வரத் தாமதமானதே காரணம் என்று சொல்லி இதை விபத்தாக்கிவிட முடியாது. ஐந்து மாதத் தொலைவிலுள்ள ஓர் அரசின் பெயரால் நடத்தும் போரில் இது எதிர்பார்க்கத்தக்கதே. 1749இலும் இதே கரையில் சமாதானத்துக்குப் பின்னே படை நின்றுகொண்டிருந்தது.

இப்போர்கள்தாம் ஆங்கிலேயப் பேரரசுக்கு வழி வகுத்தன, ஆகவே செலவு வீண் அல்ல என்ற வாதமும் உண்டு. பேரரசுக்கு வழி வகுத்ததில் 1760இன் வந்தவாசிப் போருக்கும் 1765இல் கிடைத்த வங்காள வருவாய்க்கும் உள்ள பங்கை மறுக்க முடியாது. கடலூரின் பெயரை அந்த வரிசையில் சேர்ப்பதுதான் கடினம். பிரான்சின் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க விடுதலைப் போரோடு சேர்ந்த அந்தப் போர் முழுவதற்கும் அது செலவிட்டது நூறு கோடி லிவருக்கு மேல் என்பர். ஆறே ஆண்டுகளில் அந்தக் கடன் முடியாட்சியின் கழுத்தை நெரித்தது.

பற்று யார் பெயரில்?

குண்டு கிராமங்களுக்கு வெளியே இருந்த நிலம் பெயரளவில் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுடையது. அவரைக் காப்பதற்காகப் போர் என்பதால் செலவும் அவர் பெயரில் எழுதப்பட்டது. கம்பெனிக்குக் கட்ட அவர் கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்குக் கடன் வாங்கினார். வட்டிக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாய் அடகு வைக்கப்பட்டது. பால் பென்ஃபீல்டு போன்றோர் இப்படிக் கொழுத்தனர். 1781 டிசம்பரில் கருநாடக வருவாய் முழுவதையும் போர்ச் செலவுக்காகக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுகளில் ஐதரின் குதிரைப்படை எரித்த ஊர்களிலிருந்து மக்கள் சென்னையை நோக்கி ஓடினர். இராயபுரத்தில் 1782இல் பஞ்சத்துக்கென எழுந்த மணியக்காரர் சத்திரத்தைச் சென்னை மக்கள் கஞ்சித்தொட்டி என்றே அழைத்தனர்.

போர் முடிந்ததும், கடன் உண்மையா பொய்யா என்று விசாரிக்காமலே அதை இலண்டன் அங்கீகரித்தது. கடன்காரர்களுக்கென்று ஆண்டுக்கு 4,80,000 பவுன், அதாவது 12 லட்சம் வராகன், ஒதுக்கப்பட்டது. தேவிக்கோட்டை 'லாப'மாகத் தந்த 9000 வராகனைப் போல 133 மடங்கு. 1785 பிப்ரவரி 28இல் எட்மண்ட் பர்க் இதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றினார். பாழாய்ப்போன நாட்டிலிருந்து இந்தத் தொகையைக் கறப்பதையும், கடனில் பெரும்பகுதி மோசடி என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். வாக்கெடுப்பில் தோற்றார். பர்க்கின் உரையில் மிகை உண்டு, கட்சி அரசியலும் உண்டு. ஆனால் போரின் செலவைப் போர்க்களத்திலிருந்து வரிப் பதிவேடு வரை தொடர்ந்து சென்று பார்த்த விதத்தில் அந்த உரை இராணுவ வரலாறுகள் பலவற்றைவிடக் கூர்மையானது.

தென் ஆர்க்காடு மாவட்டத்துக்கு 1878இல் கார்ஸ்டின் எழுதிய கையேடும் 1906இல் ஃபிரான்சிஸ் எழுதிய விவரச்சுவடியும் இன்றும் மாணவர்கள் கையில் எடுக்கும் நூல்கள். உழைப்பு மிகுந்தவை. அவற்றில் போர் ஓர் அத்தியாயம், நிலவரி வேறோர் அத்தியாயம். முற்றுகைகளைப் படிப்பவர் அங்கேயே முடித்துவிடுகிறார். வரி ஏன் அப்படி உயர்ந்தது என்று படிப்பவர் ஜமாபந்தியிலும் குத்தகை முறையிலும் நின்றுவிடுகிறார். இரண்டையும் இணைக்கும் நவாபின் கடன் அந்த இடைவெளியில் விழுந்துவிடுகிறது. தமிழில் எழுதப்படும் கடலூர் வரலாறுகள் பலவும் இந்த அத்தியாயப் பிரிவையே பின்பற்றுகின்றன.

தமிழ்ச் சான்றுகள் வேறு வழியைக் காட்டுகின்றன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஒரு வணிகர் எழுதியது. டூப்ளேயின் படையெடுப்புகளும் சரக்கு, கடன், வராகன் விவரங்களும் அதில் ஒரே நாளின் பதிவுகளாக அடுத்தடுத்து வருகின்றன. அவர் 1761இல் இறந்தார். 1778 முதல் 1792 வரையிலான இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு, புதுச்சேரியிலிருந்து எழுதப்பட்டது, கடலூர் முற்றுகையின் ஆண்டுகளைத் தன்னுள் கொண்டது. முற்றுகையைப் பற்றி எழுதுவோர் மேலேசனிடம் செல்லும் அளவுக்கு இதனிடம் செல்வதில்லை.

கருநாடகம் 1801இல் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. நவாபின் எஞ்சிய கடன்களை விசாரிக்க 1805இல் ஓர் ஆணையம் அமைந்தது. 3 கோடி பவுனுக்கு மேல் கோரிக்கைகள் குவிந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் விசாரித்து, அவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே உண்மையான கடன் என்று ஆணையம் ஏற்றது. 1785க்குப் பின் விசாரணையின்றிக் கட்டிய ஆண்டுத் தொகைகள் அந்த ஆணையத்தின் முன் வரவே இல்லை.